நற்செய்திக் கூட்டங்களில் உணர்ச்சி அழுத்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்வென்ஷன் என்ற நற்செய்திக் கூட்டங்களில், மேடைக்கு முன்னால் வருகிறவர்களோடு பேசி ஜெபிக்கும் ஆலோசகராக நிற்கத் தொடங்கி எனக்குப் பத்தொன்பது வருடம் ஆகிறது. கடைசி ஏழெட்டு வருடமாகப் புதிய ஆலோசகர்களுக்குப் பயிற்சியும் கொடுக்கிறேன். பயிற்சி முடிந்து டீ குடிக்கும்போதும், கூட்டம் முடிந்து வேனில் திரும்பும்போதும் ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். மேடைக்கு முன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். தனியாக, குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள். கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

நான் இறையியல் கல்லூரியில் படித்தவள் இல்லை, ஞாயிறு பள்ளி டீச்சர்தான். சுவிசேஷம் சொல்லப்பட வேண்டும் என்று முழு மனதோடு நம்புகிறேன். அதனால்தான் அது சொல்லப்படும் விதத்தைப் பார்த்துச் சில நாட்களில் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

கூட்டத்துல அழுதா தப்பாக்கா? எனக்கு எப்பவும் அழுகை வந்துடும்.

தப்பே இல்லை. பேதுரு மனங்கசந்து அழுதான். பாவியான ஸ்திரீ இயேசுவின் பாதங்களைக் கண்ணீரால் நனைத்தாள். பெந்தெகொஸ்தே நாளில் பேதுருவின் பேச்சைக் கேட்டவர்கள் இருதயத்திலே குத்தப்பட்டவர்களாகி, "சகோதரரே, நாங்கள் என்னசெய்யவேண்டும்" என்று கேட்டார்கள். கல்லாட்டம் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று வேதத்தில் எங்கேயும் இல்லை.

ஆனால் அழுகையை வைத்து எதையும் அளக்கவும் முடியாது. அமெரிக்காவில் பெரிய எழுப்புதல், அதாவது ஜனங்கள் திரளாக மனந்திரும்பிய காலம், நடந்தபோது அதன் நடுவிலேயே இருந்த பிரசங்கியார் ஜோனத்தன் எட்வர்ட்ஸ். அவர் 1746இல் இதைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். கண்ணீரும் நடுக்கமும் ஒரு அனுபவம் தேவனிடமிருந்து வந்தது என்பதையும் காட்டாது, வரவில்லை என்பதையும் காட்டாது என்றார். அதற்குப் பிறகு அந்த ஆள் எப்படி வாழ்கிறார் என்று பார்க்கச் சொன்னார். அதனால் அழுகை வந்தால் அழுங்கள். அழாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளை மட்டும் குறைவாக நினைக்க வேண்டாம்.

அப்போ எதைத்தான் அழுத்தம்னு சொல்றீங்க? நல்ல பிரசங்கம்னாலே மனசை அசைக்கத்தானே செய்யும்?

அசைக்கத்தான் வேண்டும். கேட்பவர்களின் உணர்ச்சியை முடிந்த மட்டும் உயர எழுப்புவது தன் கடமை என்று எழுதியவர் அதே எட்வர்ட்ஸ்தான். கூடவே நிபந்தனையும் போட்டார்: அந்த உணர்ச்சி சத்தியத்தால் மட்டுமே எழ வேண்டும், சொல்லப்படும் விஷயத்துக்கு ஒத்ததாகவும் இருக்க வேண்டும். இதைவிட நல்ல அளவுகோலை நான் பார்த்ததில்லை. சிலுவையைப் பற்றிக் கேட்டு ஒருவர் அழுதால் அது சிலுவைக்காக வந்த அழுகை. "உன் அம்மா மேலே இருந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்" என்று சொல்லி, அம்மாவை இழந்த பையனை அழவைத்து, அந்தக் கண்ணீர் காய்வதற்குள் கையை உயர்த்தச் சொன்னால்? அவன் அழுதது அம்மாவுக்காக. நாம் அதை இயேசுவின் கணக்கில் எழுதிக்கொள்கிறோம்.

இன்னொன்றையும் பார்ப்பேன். கேட்பவர் "இப்போது வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, அவமானப்படாமல் எழுந்து வீட்டுக்குப் போக முடிகிறதா? போக முடிந்தால், பிரசங்கியார் எவ்வளவு உருக்கமாகக் கெஞ்சினாலும் எனக்குச் சரிதான். அந்த வழியை அடைத்துவிட்டால், எவ்வளவு மென்மையாகப் பேசினாலும் அது அழுத்தம். கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த இரண்டையும் வைத்துத்தான்.

"மேடைக்கு முன்னால வாங்க"ன்னு கூப்பிடறது வேதத்துல எங்க இருக்கு?

இந்த வடிவத்தில் எங்கேயும் இல்லை. பேதுருவும் பவுலும் கேட்டவர்களை மனந்திரும்பவும் ஞானஸ்நானம் பெறவும் அழைத்தார்கள். பாட்டு பாடிக்கொண்டு மேடையருகே வரச் சொன்னதாக ஒரு இடமும் கிடையாது. இந்தப் பழக்கத்துக்கு வயது சுமார் இருநூறு வருடம். மெதடிஸ்டு முகாம் கூட்டங்களில் தொடங்கி, அமெரிக்கப் பிரசங்கியார் சார்லஸ் ஃபின்னியின் காலத்தில் எங்கும் பரவியது. 1830-31இல் நியூயார்க் மாகாணத்து ராச்செஸ்டரில் அவர் நடத்திய கூட்டங்களில், ஆத்துமாவைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் வந்து உட்காருவதற்கென்று முன்வரிசை பெஞ்சை ஒதுக்கிவைத்தார். அப்போஸ்தலர் காலத்தில் ஞானஸ்நானம் செய்த வேலையை இந்த பெஞ்சு செய்கிறது என்பது அவர் சொன்ன நியாயம். எழுப்புதல் என்பது அற்புதம் கிடையாது, சரியான வழிமுறைகளைச் சரியாகப் பயன்படுத்தினால் வரும் விளைவு என்றும் 1835இல் அச்சான சொற்பொழிவுகளில் சொன்னார். அந்த ஒரு வரியில்தான் எல்லாம் மாறியது என்று நினைக்கிறேன். விளைவை நம்மால் வரவழைக்க முடியும் என்று ஆகிவிட்டால், வராதபோது வழிமுறையை இன்னும் கொஞ்சம் முறுக்கத் தோன்றும்.

அன்றைக்கே எதிர்ப்பும் வந்தது. ஜெர்மன் சீர்திருத்த சபையைச் சேர்ந்த ஜான் நெவின் 1843இல் அந்த பெஞ்சை எதிர்த்தே ஒரு புத்தகம் எழுதினார். பெஞ்சுக்கு நடந்துபோவது எளிது, மனந்திரும்புவது கடினம், ஜனங்கள் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதைச் செய்ததாக நினைத்துவிடுவார்கள் என்று பயந்தார். பொறுமையாக வேதபாடம் சொல்லிக்கொடுக்கும் வழிதான் நல்லது என்றார். நம் பக்கத்துக்கு இந்த அழைப்பு மிஷனெரிகள் வழியாகவும், வந்துபோன பிரசங்கிமார் வழியாகவும் வந்தது. 1956இல் அமெரிக்க சுவிசேஷகர் பில்லி கிரஹாம் சென்னை, கோட்டயம், பாளையங்கோட்டை என்று பேசியபோது கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பிரசங்கம் பண்ணுகிறார்கள்.

வேதத்தில் இல்லை என்பதற்காக இதைப் பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். மைக்கும் ஞாயிறு பள்ளியும்கூட வேதத்தில் இல்லை. ஆனால் வேதக் கட்டளை மாதிரி இதைத் தூக்கிப் பிடிக்கக் கூடாது. முன்னால் வராதவர் இயேசுவை மறுத்துவிட்டார் என்று மேடையிலிருந்து சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை.

பின்னால கீபோர்டு வாசிக்கறதுல என்னக்கா இருக்கு? எலிசாவே சுரமண்டல வாத்தியக்காரனைக் கூப்பிடலையா?

கூப்பிட்டார், தனக்காக. இரண்டாம் இராஜாக்கள் மூன்றாம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். வாத்தியம் வாசிக்கையில் தேவனுடைய கரம் தீர்க்கதரிசியின்மேல் வந்தது. எதிரே நின்ற மூன்று ராஜாக்களை இளக வைக்க அங்கே யாரும் வாசிக்கவில்லை.

எங்கள் குழுவில் கீபோர்டு வாசித்த தம்பி ஒருவன் எனக்கு ஒன்றைக் காட்டினான். பிரசங்கியாரின் இடது கை பைபிளிலிருந்து இறங்கியதும் இவன் ஸ்ட்ரிங்ஸ் சத்தத்தை மெதுவாக ஏற்றுவான். குரல் தாழ்ந்தால் மைனர் கார்டு. "கண்களை மூடுங்கள்" என்றதும் ஒரே சுரத்தை நீளமாகப் பிடித்து விட்டுவிடுவான். "எந்த கார்டு போட்டா எந்த வரிசையில அழுவாங்கன்னு எனக்குத் தெரியும்க்கா, அது தெரிஞ்சதுல இருந்து எனக்கே அழுகை வர மாட்டேங்குது" என்றான். அவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. இப்போது ஆராதனையில் மட்டும் வாசிக்கிறான், அழைப்பு நேரத்தில் வாசிப்பதில்லை.

பாட்டும் இசையும் நமக்குத் தேவன் தந்தவை. பாடும்போது எல்லாரும் சேர்ந்து பாடுகிறோம், என்ன நடக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். ஒரு மனிதன் தன் வாழ்க்கையைப் பற்றி முடிவெடுக்கும் நேரத்தில், அவன் கவனிக்காதபடி காதுக்குப் பின்னால் ஒன்றை ஓடவிடுவது வேறு. சந்தேகம் இருந்தால் ஒருநாள் இசையை நிறுத்திவிட்டு அதே வார்த்தைகளைச் சொல்லச் சொல்லுங்கள்.

முதல்ல "கண்ணை மூடுங்க, யாரும் பாக்க மாட்டாங்க, கையை மட்டும் தூக்குங்க"ங்கறாங்க. அப்புறம் "தூக்கினவங்க எழும்புங்க", அப்புறம் "முன்னால வாங்க". இது ஏமாத்து வேலை இல்லையா?

ஏமாற்றுதான். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. கடைசியில் மேடைக்கு முன்னால் நிற்க வேண்டியிருக்கும் என்று தெரிந்திருந்தால் அந்த ஆள் கையைத் தூக்கியிருக்க மாட்டார். அது தெரிந்துதான் படிப்படியாகக் கேட்கிறார்கள். யாரும் பார்க்க மாட்டார்கள் என்று வாக்குக் கொடுத்தவர், இரண்டு நிமிடம் கழித்து அதை மீறுகிறார். தந்திரமாய் நடப்பதையும் அந்தரங்கமான வெட்கக் காரியங்களையும் வெறுத்துவிட்டோம் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினான். இரண்டாம் நிருபம் நாலாம் அதிகாரம்.

சரிசெய்வதும் எளிது. என்ன கேட்கப் போகிறோம் என்பதை முதலிலேயே முழுதாகச் சொல்லிவிட வேண்டும். "விருப்பமுள்ளவர்கள் எழுந்து முன்னால் வரலாம், ஆலோசகர் ஒருவர் உங்களோடு பத்து நிமிடம் பேசுவார், பெயரும் போன் நம்பரும் கேட்பார், கொடுக்க விருப்பமில்லை என்றால் பரவாயில்லை." இப்படிச் சொன்னால் வருகிறவர்கள் குறைவார்கள். குறையட்டும்.

முதல்ல எழும்பிப் போறவங்க ஆலோசகர்கள்தானாமே? ஜனங்க தயங்காம வரணும்னு அப்படிச் செய்யறாங்களாம். நீங்களும் போனீங்களா?

போனேன். முதல் நான்கு வருடம் போனேன். "வருகிறவர்களுக்குத் துணையாக நீங்களும் எழுந்து வாருங்கள்" என்றுதான் எங்களிடம் சொல்லப்பட்டது, அந்தக் காரணம் பொய்யும் இல்லை. பெரிய கூட்டங்களில் ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு ஆலோசகர் நிற்க அதுதான் வசதி. ஆனால் பின்வரிசையில் இருப்பவர் கண்ணுக்கு நாங்கள் ஆலோசகர்களாகத் தெரியவில்லை. முதல் அழைப்பிலேயே முப்பது பேர் மனந்திரும்பிப் போவதாகத்தான் தெரிந்தது. ஒருநாள் என் பக்கத்தில் நடந்து வந்த அம்மா, "நீயும் இன்னிக்குத்தான் ஏசப்பாகிட்ட வர்றியாம்மா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

இப்போது எங்கள் குழுவில் எல்லாரும் கழுத்தில் அட்டை மாட்டியிருக்கிறோம். அழைப்பு தொடங்கும் முன்பே மேடைப் பக்கம் போய் நின்றுவிடுகிறோம்.

நரகத்தைப் பத்திப் பேசவே கூடாதுங்கறீங்களா? இயேசுவே பேசினாரே?

பேசலாம். நம்புகிறவர் மறைப்பதுதான் நேர்மைக் குறைவு. எட்வர்ட்ஸ் 1741 ஜூலை 8ஆம் தேதி என்ஃபீல்டு என்ற ஊரில் தேவகோபத்தைப் பற்றிப் பிரசங்கித்தார். அழுகையும் அலறலும் அதிகமாகி, அமைதியாக இருக்கும்படி அவர் கேட்டுக்கொள்ள வேண்டி வந்தது. இத்தனைக்கும் அவர் கத்திப் பேசுகிறவர் இல்லை என்றே அவரை அறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்கு இதில் பெரிதாகத் தெரிவது, சத்தம் கூடியபோது அவர் அமைதியைக் கேட்டதுதான். நம் மேடைகளில் சத்தம் கூடினால் ஒலிபெருக்கியையும் கூட்டிவிடுகிறோம்.

ஆனால் பயம் எல்லார் மனதிலும் ஒரே மாதிரி வேலை செய்யாது. அதே எட்வர்ட்ஸின் நார்தாம்ப்டன் சபையில் 1735இல் எழுப்புதல் உச்சத்தில் இருந்தபோது, தன் ஆத்துமாவைப் பற்றிய கவலையில் ஆழ்ந்து போன ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். எட்வர்ட்ஸின் உறவினரே அவர். அதற்குப் பிறகு வேறு பலருக்கும் அப்படிப்பட்ட எண்ணம் வந்ததாகவும், எழுப்புதல் தணிந்துபோனதாகவும் அவரே மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார். கூட்டத்தில் ஏற்கெனவே உடைந்துபோன ஒருவர் எப்போதும் உட்கார்ந்திருப்பார். நரகத்தைப் பற்றிப் பேசுகிறவர் அந்த ஒருவரை நினைத்துப் பேச வேண்டும். பேசி முடித்ததும் கார் ஏறிப் போய்விடவும் கூடாது.

"இன்னிக்கு ராத்திரியே நீ செத்துப்போனா?"ன்னு கேக்கறது உண்மைதானே? யாருக்கு நாளை நிச்சயம்?

உண்மைதான். இதைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் டி. எல். மூடி என்ற அமெரிக்க சுவிசேஷகரின் கதையையும் சொல்வார்கள். 1871 அக்டோபர் 8, ஞாயிறு இரவு. அவர் சிகாகோவில் பேசி முடித்து, "இயேசுவை என்ன செய்யப் போகிறீர்கள் என்று வீட்டுக்குப் போய் யோசியுங்கள், அடுத்த ஞாயிறு முடிவு சொல்லலாம்" என்று அனுப்பினார். அன்று இரவே ஊர் தீப்பற்றியது. சுமார் முந்நூறு பேர் செத்தார்கள், ஒரு லட்சம் பேர் வீடிழந்தார்கள். அந்த ஜனங்களை மறுபடி பார்க்கவே முடியவில்லை, அதற்குப் பிறகு யாருக்கும் ஒரு வாரம் அவகாசம் கொடுக்கத் தனக்குத் துணிச்சல் வரவில்லை என்று மூடி பின்னாளில் சொல்வார்.

அவருடைய துக்கத்தை நான் மதிக்கிறேன். "இப்பொழுதே அநுக்கிரககாலம், இப்பொழுதே இரட்சணியநாள்" என்பதும் வேதம். அவசரம் என்று சொல்வதில் பிழை இல்லை. பேசுகிறவர் தனக்குத் தெரியாததைத் தெரிந்தது போலச் சொல்லும்போதுதான் பிழை வருகிறது. "இந்த வாய்ப்பு உனக்கு இனி வராது." அது அவருக்கு எப்படித் தெரியும்? "போன வருடம் இதே மைதானத்தில் மறுத்துவிட்டுப் போன வாலிபன் வாசலில் லாரி மோதிச் செத்தான்." இந்தக் கதையை நான் நான்கு ஊர்களில், நான்கு மைதானங்களைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். ரோம தேசாதிபதி பெலிக்ஸ் பவுலின் பேச்சைக் கேட்டு நடுங்கிப்போய், "எனக்குச் சமயமானபோது உன்னை அழைப்பிப்பேன்" என்று சொன்னபோது பவுல் அவன் பின்னால் ஓடவில்லை. அவன் மறுபடி மறுபடி அழைப்பித்தபோதெல்லாம் போய்ப் பேசினான்.

சின்னப் பிள்ளைங்களுக்கு அழைப்பு கொடுக்கலாமா? மனசு இளகின வயசுல தானே விதைக்கணும்?

விதைக்கலாம். மண் ஈரமாக இருக்கிறது என்பதற்காக ஒரே நாளில் அறுவடையும் கேட்கக் கூடாது. பிள்ளைகள் டீச்சரைச் சந்தோஷப்படுத்தத்தான் பார்ப்பார்கள். "இயேசுவை நேசிக்கிறவர்கள் எல்லாம் எழும்புங்கள்" என்றால் எந்தப் பிள்ளை உட்கார்ந்திருக்கும்? இரண்டாவது கேள்வியில் சொன்ன அந்த வெளியேறும் வழி, பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கிடையவே கிடையாது.

ஒரு கோடை விடுமுறை வேதாகமப் பள்ளியில் கடைசி நாள் நடந்ததைச் சொல்கிறேன். வெளியிலிருந்து வந்த ஒரு சகோதரர் கறுப்பு, சிவப்பு, வெள்ளை, தங்கம் என்று நிறத்தாள்களைப் புரட்டி இரட்சிப்பை விளக்கினார். பாவத்தைக் காட்டும் கறுப்பில் மட்டும் வெகுநேரம் நின்றார். பிள்ளைகள் எல்லாரும் கை தூக்கினார்கள். முடிந்து மிக்சர் பொட்டலம் கொடுக்கும்போது ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வாங்காமல் நின்றாள். என்னம்மா என்றேன். "எங்க தாத்தா முருகருக்கு மாலை போட்டுப் பழனிக்கு நடந்து போவாங்க. போன மாசம் செத்துட்டாங்க. அவங்க இப்ப அந்தக் கறுப்புலயா டீச்சர் இருக்காங்க?" என்றாள். ரிப்பன் நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டே கேட்டாள். அந்த சகோதரர் அதற்குள் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டார். அன்று மாலை அவள் வீட்டுக்குப் போய் அவள் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை, அடுத்த வருடம் பிள்ளையை அனுப்பவும் இல்லை.

அதற்குப் பிறகு எங்கள் சபையில் பிள்ளைகளுக்குக் கை தூக்கும் அழைப்பே கிடையாது. கதை சொல்கிறோம், பாட்டு சொல்லிக்கொடுக்கிறோம். கேள்வியோடு தானாக வருகிற பிள்ளையோடு பேசுகிறோம். பெற்றோர் வேறு மதத்தவர் என்றால், என்ன சொல்லிக்கொடுக்கிறோம் என்பதை முதல் நாளே அவர்களுக்குச் சொல்லிவிடுகிறோம்.

நோயாளி, கடன்காரன், துக்கத்துல இருக்கறவன்கிட்ட சுவிசேஷம் சொல்லக் கூடாதா? அவங்கதானே தேடி வர்றாங்க?

அவர்களுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். இயேசு செய்ததும் அதுதான். ஆனால் தேடி வருகிறவர் எதைத் தேடி வருகிறார் என்று கேட்க வேண்டும். ஒரு கூட்டத்தில் என்னிடம் வந்த பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை, அதற்குள் கணவருடைய ஸ்கேன் ரிப்போர்ட். அவருக்காக ஜெபிக்கச் சொல்லி வந்தவர். நான் ஜெபித்துவிட்டு, முன்னால் வருகிறவர்களின் விவரம் எழுதும் அட்டையில் "ஜெப உதவி" என்ற கட்டத்தில் டிக் போட்டேன். ராத்திரி அட்டைகளை எண்ணும்போது அது, இயேசுவுக்கு "முதல்முறை ஒப்புக்கொடுத்தவர்கள்" என்ற அட்டைக்கட்டுக்குள் இருந்தது. ஏன் என்று கேட்டேன். "முன்னால வந்தாங்கல்ல?" என்றார்கள்.

2011இல் உலக சபைகளின் மாமன்றம், வத்திக்கானின் பல்சமய உரையாடல் அவை, உலக இவாஞ்சலிக்கல் கூட்டமைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து கிறிஸ்தவ சாட்சியைப் பற்றி ஒரு நடத்தை வழிகாட்டி வெளியிட்டன. இந்த மூன்றும் ஒன்றாகக் கையெழுத்திடுவது எவ்வளவு அபூர்வம் என்று சபைக்காரர்களுக்குத் தெரியும். ஜனங்களுடைய பலவீனத்தையும் குணமாக வேண்டும் என்ற தவிப்பையும் சுரண்டக் கூடாது என்கிறது அது. மதம் மாறுவது பெரிய முடிவு, யோசிக்கவும் ஆயத்தப்படவும் போதுமான நேரம் வேண்டும் என்றும் சொல்கிறது. கத்தோலிக்க சபை 1965இலேயே, இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், ஏழைகளிடமும் படிக்காதவர்களிடமும் பேசும்போது தகாத வற்புறுத்தலின் சாயல்கூட இருக்கக் கூடாது என்று எழுதிவைத்தது. துக்க வீட்டில் நான் பின்பற்றும் பழக்கம் இதுதான்: முதல் முறை ஜெபம் மட்டும், கேள்வி எதுவும் இல்லை. அவர்களே கேட்டால் அடுத்த முறை பேசுவோம்.

ஆயிரம் பேர் இரட்சிக்கப்பட்டாங்கன்னு போஸ்டர்ல போடறாங்களே?

மேலே சொன்ன அட்டை எப்படி இடம் மாறியது என்று பார்த்தீர்கள். பில்லி கிரஹாமும் அவருடைய நண்பர்களும் 1948இல் கலிபோர்னியாவின் மொடெஸ்டோவில் உட்கார்ந்து, சுவிசேஷகர்களுக்குக் கெட்ட பெயர் வாங்கிக்கொடுப்பவை எவை என்று பேசித் தங்களுக்குச் சில கட்டுப்பாடுகள் போட்டுக்கொண்டார்கள். பணம், பெண்கள் விஷயத்தில் ஒழுக்கம், உள்ளூர் சபைகளைக் குறை பேசாமை. இவற்றோடு, எண்ணிக்கையை ஊதிச் சொல்லக் கூடாது என்பதும் அதில் இருந்தது. 1974இல் உலக சுவிசேஷகர்கள் கூடிய லோசான் மாநாட்டு உடன்படிக்கை இன்னும் வெளிப்படையாகவே அறிக்கை செய்தது: பலன் வேண்டும் என்ற ஆசையில் அழுத்த உத்திகளால் கேட்பவர்களை ஆட்டிவைத்திருக்கிறோம், புள்ளிவிவரங்களில் நேர்மை தவறியிருக்கிறோம் என்று. இதை எழுதியவர்கள் வெளியாட்கள் இல்லை, சுவிசேஷகர்களேதான். பயிற்சியில் இந்த வரியை நான் எப்போதும் வாசித்துக் காட்டுவேன்.

அழைப்பு கொடுத்த கையோட காணிக்கை எடுக்கலாமா?

கூடாது. மனம் இளகியிருக்கும் நேரத்தில் பர்ஸைத் திறக்கச் சொல்லக் கூடாது. தொடக்கத்திலேயே எடுத்துவிடுங்கள்.

இப்படிப் பேசறது சட்டப்படியும் குத்தமாமே?

மாநிலத்துக்கு மாநிலம் மாறும், நான் வக்கீல் இல்லை. தெரிந்ததைச் சொல்கிறேன். 1968இல் வந்த மத்தியப் பிரதேசச் சட்டம் கட்டாய மத மாற்றத்தை விளக்கும்போது, தெய்வ கோபம் வரும் என்று மிரட்டுவதையும் கட்டாயமாகவே கணக்கிட்டது. 1977இல் உச்ச நீதிமன்றம் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் அந்தச் சட்டம் செல்லும் என்றது. மதத்தைப் பரப்பும் உரிமை உண்டு, இன்னொருவரை மதம் மாற்றுவது ஓர் உரிமை ஆகாது என்றும் சொன்னது. தமிழ்நாட்டிலும் 2002இல் அப்படியொரு சட்டம் வந்து, 2004இல் விலக்கிக்கொள்ளப்பட்டது.

கட்டாயம் என்பதற்கான அந்த விளக்கம் மிக அகலமானது என்பது என் எண்ணம். அதை வைத்து நேர்மையான பிரசங்கத்தையும் பிடித்துவிடலாம், பிடித்தும் இருக்கிறார்கள். ஆனால் நம்மைப் பிடிக்காதவர்கள் சொல்கிறார்கள் என்பதற்காக நம்மிடம் தப்பே இல்லை என்று ஆகிவிடாது.

நான் அப்படி ஒரு கூட்டத்துலதான் இரட்சிக்கப்பட்டேன். கீபோர்டு, அழுகை, எல்லாம் இருந்துச்சு. என் அனுபவம் பொய்யா?

இல்லை. நானும் அப்படித்தான் வந்தேன். பதினேழு வயதில், மழை தூறும் ஒரு பள்ளி மைதானத்தில், நீங்கள் இதுவரை வாசித்த எல்லாத் தந்திரங்களோடும். தேவன் என்னைச் சந்தித்தார் என்று இன்றும் நம்புகிறேன். யோசேப்பின் சகோதரர்கள் செய்த தீமையை நன்மையாக முடியப்பண்ணினவர் அவர். அதற்காக, தம்பியை விற்பது சரி என்று யாரும் பாடம் எடுப்பதில்லை.

என்னோடு அன்று முன்னால் போன தோழிகள் ஐந்து பேர். இருவர் இன்று எந்த சபைக்கும் போவதில்லை. ஒருத்தி சர்ச் மணி கேட்டாலே படபடப்பாக இருக்கிறது என்கிறாள். என் சாட்சியைச் சொல்லும்போது அவளையும் நினைத்துக்கொள்கிறேன்.

நான் ஏழு தடவை முன்னால போயிட்டேன். ஒவ்வொரு தடவையும் ரெண்டு வாரம்தான். எனக்கு இரட்சிப்பே கிடைக்காதா?

இந்தக் கேள்வியைக் கேட்காத வருடமே இல்லை. எட்டாவது தடவை போக வேண்டாம். உங்கள் விசுவாசத்தில் குறை இருப்பதாக நான் நினைக்கவில்லை. இரண்டு வாரத்தில் வடிந்து போனது அந்த இரவின் உணர்ச்சி. எந்த உணர்ச்சியும் அப்படித்தான் வடியும். அது வடிந்ததும் இயேசுவும் போய்விட்டார் என்று நினைக்கும்படி யாரோ உங்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். மாற்கு சுவிசேஷத்தை ஒரு நாளைக்கு ஒரு அதிகாரம், பதினாறு நாள், இசை இல்லாமல் வாசியுங்கள். உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த ஒரு மூத்த விசுவாசியோடு உட்கார்ந்து பேசுங்கள். தூக்கம் வராமல், சாப்பாடு பிடிக்காமல் இருந்தால் டாக்டரையும் பாருங்கள். அது அவிசுவாசம் ஆகாது.

பிரசங்கியார் உண்மையிலேயே அழறார். நடிக்கல. அதுவும் அழுத்தமா?

இல்லை. பவுலும் இரவும் பகலும் கண்ணீரோடே புத்திசொன்னதாக எபேசு மூப்பர்களிடம் சொன்னான். மூன்று நாள் கூட்டத்தில், அதே கதையில், அதே வரியில் மூன்று நாளும் அழுகிறவரைப் பற்றிக் கேட்டால், அதற்கு எனக்குப் பதில் தெரியாது. அவருடைய மனம் தேவனுக்குத் தெரியும்.

ஆத்துமாக்கள் அழிஞ்சுக்கிட்டிருக்கு. வீடு எரியும்போது, மெதுவா எழும்பு, யோசிச்சு வான்னா சொல்வோம்? முறையைப் பத்திப் பேச இதுவா நேரம்?

மற்ற எல்லாவற்றையும் விட இந்தக் கேள்விதான் என்னை வாட்டுகிறது. கேட்டவர் கிராமம் கிராமமாக சைக்கிளில் போய் ஊழியம் செய்தவர். அவருடைய பாரம் எனக்குப் பாதிகூட இல்லை. ஆனாலும் அவரிடம் ஒன்று சொன்னேன். எரிகிற வீட்டிலிருந்து ஒருவனைக் கையைப் பிடித்து இழுத்து வெளியே போட்டுவிடலாம், அவன் சம்மதம் தேவையில்லை. விசுவாசத்தில் அப்படி ஒருவனை இழுத்துப் போட வெளியே இடமே இல்லை. அவனாக விசுவாசித்தால்தான் அது விசுவாசம்.

ஐசுவரியவானான வாலிபன் வந்தபோது, இயேசு அவனைப் பார்த்து அவனிடத்தில் அன்புகூர்ந்தார் என்று மாற்கு எழுதுகிறார். அவன் துக்கத்தோடு திரும்பிப் போனான். இயேசு அவனைப் போகவிட்டார். நிபந்தனையைக் குறைக்கவில்லை, பின்னாலேயே ஒரு சீஷனையும் அனுப்பவில்லை. கப்பர்நகூமில் அநேகர் விலகிப் போனபோது பன்னிருவரையும் பார்த்து, "நீங்களும் போய்விட மனதாயிருக்கிறீர்களோ" என்றார். ஆத்துமாக்களின் மேல் அவரைவிட நமக்குப் பாரம் அதிகமா? அந்த ஐயா வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நீ சொல்றது சரியா இருக்கலாம்மா. ஆனா எனக்குப் பயமா இருக்கு" என்றார். எனக்கும் அந்தப் பயம் உண்டு.

எங்க சபை கன்வென்ஷன் அடுத்த மாசம். பாஸ்டர்கிட்ட இதை எப்படிச் சொல்றது? நாங்க சின்னவங்க.

கூட்டத்துக்கு முன்பே சொல்லுங்கள். முடிந்த பிறகு சொன்னால் குற்றம் கண்டுபிடிப்பது போல இருக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்க வேண்டாம். ஒன்றே ஒன்றைக் கேளுங்கள். கழுத்து அட்டை எளிது, யாரும் மறுக்க மாட்டார்கள். அடுத்தது, எதற்காக முன்னால் கூப்பிடுகிறோம் என்பதை முதலிலேயே சொல்வது. இசையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், அதில்தான் கோபம் வரும். வந்தவர்களை மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்க்க இரண்டு பேர் பொறுப்பெடுக்கிறோம் என்றும் சொல்லுங்கள். வேலையைக் கையில் எடுத்துக்கொண்டு பேசுகிறவர்களுக்குப் பாஸ்டர்மார் காது கொடுப்பார்கள்.

போன வருடம் நாங்கள் வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவரிடம் அழைப்பு நேரத்தில் கீபோர்டு வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். முதல் நாள் ஒத்துக்கொண்டார். மைதானத்தில் தவளைச் சத்தம் கேட்கும் அளவுக்கு அமைதி. ஒன்பது பேர் வந்தார்கள். அதில் ஆறு பேர் இன்றும் எங்களோடு இருக்கிறார்கள். இரண்டாம் நாள் கீபோர்டு மறுபடி வந்துவிட்டது, அறுபது பேர் வந்தார்கள். அந்த அட்டைகளில் இருந்த போன் நம்பர்களை இன்னும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். இந்த வருடமும் கேட்டுக்கொள்ளப் போகிறோம்.